பொது நூலகங்களில் நூல் கழிப்பு: புதுக்கோட்டையை முன்வைத்து ஒரு வரலாறு

நூலகத்தில் காலாவதியான நூல்கள், சிதைந்தவை, புதிய பதிப்பு வந்துவிட்டவை ஆகியவற்றைப் பிரித்தெடுத்து, பதிவேட்டிலிருந்து நீக்கி, அவ்விடத்தில் புதியவற்றைச் சேர்ப்பது நூல் கழிப்பு எனப்படும். ஆங்கிலத்தில் இதற்கு வயலில் களை பறிப்பதைக் குறிக்கும் சொல்லே வழங்குகிறது. அந்த உவமை முழுவதும் பொருந்துவதாக எனக்குத் தெரியவில்லை. களை எது, பயிர் எது என்பது உழவருக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிடும். நூலக அலமாரியில், அதிலும் குறிப்புதவிப் பிரிவில், இன்று களையாகத் தெரிவது முப்பது ஆண்டு கழித்து விதைநெல்லாக மாறிவிடுவது உண்டு.

அகராதி, கலைக்களஞ்சியம், நிலப்படத் தொகுதி, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கை, மாவட்டக் கெசட்டியர், சட்டத் தொகுப்பு, ஆண்டு நூல் முதலியன குறிப்புதவி நூல்கள். இவற்றை வீட்டுக்கு எடுத்துச் செல்ல முடியாது. அங்கேயே அமர்ந்து பார்க்க வேண்டும். நாவலும் கவிதையும் பழசாவதில்லை. குறிப்புதவி நூலோ அச்சகத்தை விட்டு வெளிவரும்போதே பழசாகத் தொடங்கிவிடுகிறது. ஆனால் பழசான அந்த நூலே பின்னாளில் வரலாற்றுச் சான்றாகவும் ஆகிறது. இந்த இரண்டு குணமும் ஒரே நூலில் இருப்பதால்தான் இவ்வேலை கடினமாகிறது.

ஏட்டுக் காலம்

அச்சு வருவதற்கு முன்பும் கழிப்பு இருந்தது. பனையோலை பூச்சியரித்தும் ஒடிந்தும் போகும். ஆகவே பழைய சுவடியைப் பார்த்துப் புதிய ஓலையில் படியெடுப்பார்கள். படியெடுத்தபின் பழையதை என்ன செய்வது? கண்ட இடத்தில் போடுவது பாவம் என்ற எண்ணம் இருந்தது. ஆடிப்பெருக்கு நாளில் ஆற்றில் விடுவது, நெருப்பில் இடுவது என்று இரண்டு வழக்கங்கள் ஏற்பட்டன.

உ. வே. சாமிநாதையர் தம் தன்வரலாறான 'என் சரித்திரம்' நூலில் இவ்விரண்டையும் பதிவு செய்திருக்கிறார். திருநெல்வேலிப் பகுதியில் சுவடி தேடிச் சென்றபோது, ஆடிப் பதினெட்டில் ஏடுகளைத் தேர்போல் கட்டி ஆற்றில் விட்டுவிட்டதாக ஒரு வீட்டில் கேள்விப்பட்டார். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பாண்டிய மன்னர் ஒருவரின் ஏட்டுத் தொகுப்பு இருப்பதாக அறிந்து போனபோது, அவை முறைப்படி நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இடப்பட்டுவிட்டன என்ற செய்திதான் அவருக்குக் கிடைத்தது.

மாணவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அப்படிச் செய்தவர்கள் நூலை மதியாதவர்கள் என்று சொல்ல முடியாது. மதித்ததனால்தான் சடங்கு செய்தார்கள். படியெடுத்த பிறகு பழையதை விடுவது முதலில் முறையாக இருந்திருக்க வேண்டும். நாளடைவில் படியெடுக்கும் வேலை நின்றுபோய், விடும் சடங்கு மட்டும் நிலைத்துவிட்டது என்றே நான் நினைக்கிறேன். இது என் ஊகம். ஆனால் இன்றைய நூலகங்களில் நடப்பதைப் பார்த்தால் ஊகம் தவறாக இராது என்று தோன்றுகிறது. "வேறு படி எங்கே இருக்கிறது?" என்ற கேள்வியைக் கேளாமலே கழிப்பது இன்றும் நடக்கிறது.

சட்டமும் பதிவேடும்

புதுக்கோட்டை சமஸ்தானம் 1948 மார்ச் 3 அன்று சென்னை மாகாணத்துடன் இணைந்து, திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியாயிற்று. அதே ஆண்டில்தான் சென்னைப் பொது நூலகச் சட்டமும் இயற்றப்பட்டது. விடுதலைக்குப் பின் இந்தியாவில் பிறந்த முதல் பொது நூலகச் சட்டம் இதுவே. சீர்காழியில் பிறந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான சீ. இரா. அரங்கநாதன் இதற்குப் பின்னால் இருந்து உழைத்தார். அப்போதைய கல்வி அமைச்சர் தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார் இதை நிறைவேற்றினார். சொத்துவரியோடு சேர்த்து வசூலிக்கும் நூலக வரியும், மாவட்டம்தோறும் நூலக ஆணைக்குழுவும் இச்சட்டத்தின் வழி வந்தவை. தமிழின் முதல் பெரிய கலைக்களஞ்சியத்துக்கு வித்திட்டவரும் இதே அவினாசிலிங்கம்தான். அலமாரிக்கும் அதில் வைக்க வேண்டிய நூலுக்கும் ஒருவரே ஏற்பாடு செய்தார் என்பது நினைவில் வைக்கத்தக்கது.

அரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளுள் கடைசி விதி, நூலகம் வளர்கின்ற ஓர் உயிரி என்கிறது. பலர் இதை 'நூல்களைச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும்' என்று மட்டும் புரிந்துகொள்கிறார்கள். குழந்தை உயரத்தில் வளரும். வளர்ந்த ஆளின் உடம்போ அளவில் கூடாமல், தேய்ந்ததை விட்டுப் புதியதை ஆக்கிக்கொண்டிருக்கும். நகரக் கிளை நூலகம் ஒன்றுக்கு இரண்டாவது வகை வளர்ச்சிதான் பொருந்தும். அதற்குச் சுவர்கள் நான்குதானே.

ஆனால் நடைமுறையில் நூல் அரசுச் சொத்து. மேசை, நாற்காலி போல அதற்கும் பதிவேட்டு எண் உண்டு. இருப்புச் சரிபார்ப்பு உண்டு. குறைந்தால் பொறுப்பாளர் பதில் சொல்ல வேண்டும். மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகள், வாசகருக்கு வழங்கிய ஆயிரம் நூல்களுக்கு ஐந்து வரை ஆண்டில் காணாமற்போவதை இயல்பான இழப்பாக ஏற்கின்றன. 1000 ரூபாய்க்கு மேற்பட்ட நூலோ அரிய நூலோ தொலைந்தால் மட்டும் விசாரணை கட்டாயம். இது நியாயமான விதி. எனினும் பழைய அச்சம் எளிதில் போவதில்லை. நான் பள்ளியில் பாடம் நடத்துவதோடு நூலகப் பொறுப்பையும் சேர்த்துப் பார்த்த ஆண்டுகளில், எனக்கு முன் இருந்தவர் பீரோச் சாவியைக் கொடுக்கும்போது சொன்ன ஒரே அறிவுரை, "திறக்காதீங்க சார், திறந்தா குறையும்" என்பதுதான்.

அந்தப் பீரோவில் கிழிந்த அகராதியும் இருந்தது, நிலப்படத் தொகுதியும் இருந்தது. ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் கட்டுரைப் போட்டிக்காகப் பழைய கலைக்களஞ்சியத்தைப் பார்த்து, புதுக்கோட்டை திருச்சி மாவட்டத்தில் உள்ளது என்று எழுதிவிட்டான். நடுவர் சிரித்தார். அவன் தவறு அதில் ஏதும் இல்லை. புத்தகத்தில் உள்ளதைத்தானே எழுதினான்! அன்றே அந்தத் தொகுதியைக் கழித்துவிட வேண்டும் என்று எனக்கும் ஆத்திரம் வந்தது. கழிக்காமல் விட்டது நல்லதாயிற்று என்று பின்னர்தான் புரிந்தது.

கலைக்களஞ்சியமும் அகராதியும்

தமிழ் வளர்ச்சிக் கழகம் வெளியிட்ட கலைக்களஞ்சியம், பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு 1954 முதல் 1963 வரை ஒன்பது தொகுதிகளாகவும், 1968-இல் இணைப்புத் தொகுதியாகவும் வந்தது. புதுக்கோட்டை தனி மாவட்டமானது 1974 ஜனவரி 14 அன்று. ஆகவே புதுக்கோட்டை மாவட்டம் என்ற ஒன்று அதில் இருக்க வழியில்லை. மனிதன் நிலவில் கால் வைத்ததும் அதன் இறுதித் தொகுதிக்கு மறு ஆண்டு நடந்தது. அறிவியல் செய்தி தேடும் மாணவருக்கு இதைக் கொடுப்பது தவறு. ஆனால் 1950-களின் தமிழறிஞர்கள் இயற்பியலுக்கும் மருத்துவத்துக்கும் என்னென்ன தமிழ்ச்சொற்களை ஆக்கினார்கள் என்று தேடுபவருக்கு இதைவிட நல்ல சுரங்கம் இல்லை. அலமாரி மாற வேண்டுமே தவிர, நூல் வெளியேற வேண்டியதில்லை.

ஆ. சிங்காரவேலு முதலியாரின் 'அபிதான சிந்தாமணி' 1910-இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் வழி வெளிவந்தது. விரிவாக்கிய இரண்டாம் பதிப்பு 1934-இல் வந்தது. 'புதிய பதிப்பு வந்தால் பழையதை நீக்கு' என்ற பொது விதிப்படி முதற்பதிப்பு போக வேண்டியதுதான். ஆனால் தனி மனிதர் ஒருவர் முதலில் எவ்வளவு திரட்டினார், பின்னர் எவ்வளவு கூட்டினார் என்பதை இரண்டையும் அருகருகே வைத்தால்தான் அறிய முடியும். உலகளவிலும் இப்படி உண்டு. பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தின் அச்சுப் பதிப்பு 2012-இல் நிறுத்தப்பட்டது; ஆயினும் 1910–11-இல் வந்த அதன் பதினோராம் பதிப்பை இன்றும் ஆய்வாளர் தேடுகிறார்கள்.

அகராதிகளில் நிலைமை வேறு. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. 1939-இல் அனுபந்தம் சேர்ந்தது. 'க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி' 1992, 2008, 2020 ஆகிய ஆண்டுகளில் மூன்று பதிப்புகள் கண்டது. பேரகராதியின் இடத்தைக் க்ரியா நிரப்பாது. க்ரியாவின் இடத்தைப் பேரகராதியும் நிரப்பாது. க்ரியாவின் மூன்றாம் பதிப்பு வந்ததும் முதற்பதிப்பை மேசையிலிருந்து எடுத்துவிடலாம். ஒரு படி மட்டும் உள்ளறையில் இருக்கட்டும்.

இன்னோர் ஆபத்தும் உண்டு. 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது. அதற்கு முன் அச்சான நூல்களில் ணா, றா, னா, லை, ளை முதலியவை பழைய வடிவில் இருக்கும். இன்றைய இளைஞர் பலருக்கு அது தடுக்குகிறது. எழுத்து பழையது என்ற ஒரே காரணத்துக்காகக் கழிக்க எடுத்து வைத்த நூல்களை நான் பார்த்திருக்கிறேன்.

புதுக்கோட்டை அலமாரி

இம்மாவட்டத்துக்கே உரிய குறிப்புதவி நூல்கள் சில உண்டு. எஸ். ராதாகிருஷ்ண ஐயர் எழுதிய சமஸ்தான வரலாறு 1916-இல் வெளிவந்தது. சமஸ்தானத்துக் கல்வெட்டுகளின் மூலம் 1929-இல் தொகுக்கப்பட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் அதில் உள்ளன. கே. ஆர். வெங்கடராம ஐயர் தொகுத்த சமஸ்தானக் கையேடு 1938 முதல் 1944 வரை பகுதி பகுதியாக வந்தது. குளத்தூர், ஆலங்குடி, திருமயம் என்று அன்றிருந்த மூன்று தாலுகாக்களின் ஊர்கள், கோயில்கள், ஏரிகள், இனாம் நிலங்கள் பற்றிய செய்திகள் அதில் அடங்கும். தனி மாவட்டமான பின் 1983-இல் மாவட்டக் கெசட்டியர் வெளிவந்தது.

வழக்கமான அளவுகோலை இவற்றின்மேல் வைத்துப் பாருங்கள். ஆங்கில நூல்கள், எடுத்துப் பார்ப்பவர் ஆண்டுக்கு ஒருவரோ இருவரோ. தாள் பழுத்து ஒடிகிறது. புள்ளிவிவரம் பழையது. நாணயம் அணா, பைசாவில் உள்ளது. புதிய கெசட்டியரும் வந்துவிட்டது. எந்தக் கேள்வி கேட்டாலும் 'கழிக்கலாம்' என்றே விடை வரும். ஆனால் ஓர் ஊரின் ஏரி 1930-களில் எப்படி இருந்தது, கோயிலுக்கு எந்த நிலம் விடப்பட்டிருந்தது என்று கேட்டால், பதில் தர வேறு நூல் இல்லை. எந்தக் குத்தகை வழக்குக்கும் எந்த ஊர் வரலாற்றுக்கும் அங்கேதான் போய் நிற்க வேண்டும். 1983-ஆம் ஆண்டுக் கெசட்டியர் கையேட்டின் தொடர்ச்சி, மாற்று ஆகாது.

இதை நான் பட்டு அறிந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பழைய பேப்பர் கடையில், நூலக முத்திரை குத்திய கட்டு ஒன்று எடைத்தராசின் அருகே கிடந்தது. மேலே இருந்தது 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஒட்டி வெளியான திருவிழாக்கள், சந்தைகள் பற்றிய தொகுதி; அன்றைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்துக்கு உரியது. புரட்டினால் எங்கள் ஊர் மாரியம்மன் திருவிழாவும் இருந்தது. கையில் பணம் இல்லை. கடைக்காரர், "நாளைக்கு வாங்க, எங்க போகப்போகுது" என்றார். மறுநாள் காலையில் போனபோது லாரி போய்விட்டிருந்தது. அடுத்த திருவிழாவில் இளைஞர்கள் பழைய முறையைக் கேட்டபோது, எனக்கு நினைவில் இருந்த இரண்டு வரியைத்தான் சொல்ல முடிந்தது.

வெளிநாட்டுப் பாடம்

அமெரிக்காவின் குயின்சி நகரில் சார்லஸ் பிரான்சிஸ் ஆடம்ஸ் என்பவர், பொது நூலகம் ஓரளவுக்கு மேல் பெருக்கக் கூடாது, பயன்படாததை நீக்க வேண்டும் என்று 1893-இல் வாதிட்டார். நூலகர் பலர் எதிர்த்தனர். 1976-இல் டெக்சாஸ் மாநில நூலகத்தின் சார்பில் சிறு நூலகங்களுக்கு ஒரு வழிகாட்டி வந்தது. தவறான செய்தி தருவது, தோற்றம் கெட்டது, புதிய பதிப்பால் பின்தள்ளப்பட்டது, அற்பமானது, அவ்வூருக்குத் தேவையற்றது, வேறிடத்தில் எளிதில் கிடைப்பது என்று ஆறு காரணங்களை அம்முறை பின்னர் வகுத்துக்கொண்டது. ஆறாவது காரணத்தில்தான் சாரம் இருக்கிறது. வேறிடத்தில் கிடைக்கிறதா என்று பார்த்தபின் மற்ற ஐந்தையும் பார்க்கலாம்.

சான் பிரான்சிஸ்கோ பொது நூலகம் 1996-இல் புதிய கட்டடத்துக்கு மாறியபோது இந்த வரிசை தலைகீழாயிற்று. இடம் போதாமல் பெருந்தொகையான நூல்கள் குப்பைமேட்டுக்குப் போயின. அவை இரண்டு லட்சம் இருக்கும் என்று எழுத்தாளர் நிக்கல்சன் பேக்கர் கணக்கிட்டு எழுதினார். நகரமே கொந்தளித்தது. நுண்படம் எடுத்ததும் மூலச் செய்தித்தாள்களை நூலகங்கள் அழித்ததைப் பற்றி அவரே 2001-இல் ஒரு நூல் வெளியிட்டார்.

நம் நாட்டில் 1954-ஆம் ஆண்டு நூல் வழங்கல் சட்டம் வந்தபின், வெளியாகும் ஒவ்வொரு நூலின் படியையும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்குப் பதிப்பாளர் அனுப்ப வேண்டும். ஆகவே 1954-க்குப் பிந்திய நூல் வேறிடத்தில் இருக்க ஓரளவு வாய்ப்பு உண்டு. அதற்கு முந்தியதைத் தொடும்போது கை நடுங்கத்தான் வேண்டும்.

கழிவிலிருந்து எழுந்த நூலகங்கள்

புதுக்கோட்டைக்கு அண்டையிலுள்ள கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாள் முழுதும் நூல்களைச் சேர்த்தார். நூல் மட்டுமா? நாடக நோட்டீசு, பாட்டுப் புத்தகம், திருமண அழைப்பிதழ் என்று பிறர் வீசியெறிவதை எல்லாம் வாங்கினார். அவர் 1992-இல் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கியது. 1994-இல் அது சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாயிற்று. புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தில் பா. கிருஷ்ணமூர்த்தியும் அவர் மனைவி டோரதியும் உருவாக்கிய ஞானாலயா ஆய்வு நூலகத்தில் முதற்பதிப்புகள் ஏராளம். ஒரு லட்சத்தை ஒட்டிய அத்தொகுப்பில் பழைய புத்தகக் கடைகளில் தேடி எடுத்தவை பல. அங்கே ஆய்வுக்கு வரும் மாணவர் எத்தனையோ பேர். பொது நூலகங்கள் கழித்ததைத் தனிமனிதர்கள் தம் பணத்தில் காப்பாற்றியதும் நம் நூலக வரலாற்றின் ஒரு பகுதி. பெருமைப்படலாம், கொஞ்சம் வெட்கப்படவும் இடம் இருக்கிறது.

இன்றைய நிலை

மாவட்ட நூலகங்களில் குறிப்புதவிப் பிரிவை இன்று நிரப்பியிருப்பவர்கள் போட்டித் தேர்வு எழுதுவோர். காலையில் சாப்பாட்டுப் பையோடு வந்து மாலையில் போகிறார்கள். இவர்களுக்குப் பழைய நூல் நேரடியாகத் தீங்கு செய்யும். தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள் என்று 2018-இல் அச்சான பொது அறிவு நூல் சொல்லும், இன்று 38. ஒரு மதிப்பெண்ணில் வேலை போகிறவர்களிடம் 'அது வரலாற்றுச் சான்று' என்று சொல்ல எனக்கு வாய் வராது. இத்தகைய கையேடுகளையும் வழிகாட்டிகளையும் ஆண்டுதோறும் தயங்காமல் கழிக்க வேண்டும். காலாவதியான மருந்து நூல்களும் அப்படியே.

சட்ட நூலில் அவசரம் கூடாது. 1860-ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தது. ஆனால் அந்நாளுக்கு முன் நடந்த குற்றங்கள் பழைய சட்டத்தின்படியே விசாரிக்கப்படுகின்றன. எனவே இரண்டும் அருகருகே இருக்க வேண்டும். பழையதன் அட்டையில் 'இந்நாள் வரை நடந்த குற்றங்களுக்கு' என்று ஒரு சீட்டு ஒட்டினால் போதும். மக்கள்தொகை அறிக்கையில் இன்னொரு விநோதம். 2021-இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால், புதுக்கோட்டை மாவட்டத்தின் மக்கள்தொகை 16,18,345 என்று கூறும் 2011 அறிக்கை நெடுங்காலம் 'புதிய' நூலாகவே இருந்துவருகிறது.

'எல்லாம்தான் இணையத்தில் இருக்கிறதே' என்பார்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் பெரிய சேவை. கலைக்களஞ்சியமே அங்கே கிடைக்கிறது. ஆனால் மின்படியை நம்பி மூலத்தைக் கழிக்கும் முன், பக்கம் பக்கமாக ஒத்துப் பார்க்க வேண்டும். மடித்து ஒட்டிய நிலப்படத்தை விரிக்காமலே படமெடுத்திருப்பார்கள். இராமபாணம் அரித்த பக்கம் அரித்தபடியே வந்திருக்கும்.

கழிப்புப் பட்டியல் தயாரிக்கும் நூலகர் நூலின் பெயர், பதிப்பாண்டு, கழிக்கும் காரணம் ஆகியவற்றை எழுதுகிறார். இவற்றோடு 'வேறு படி இருக்குமிடம்' என்று ஒரு கட்டம் சேர்த்துக்கொள்ளலாம். புதுக்கோட்டையைப் பொறுத்தவரை அதை நிரப்பத் தொலைவு போக வேண்டியதில்லை. 1910-இல் தொடங்கிய அரசு அருங்காட்சியகமும் திருக்கோகர்ணத்தில்தான் இருக்கிறது, ஞானாலயாவும் அங்கேதான். பட்டியலை எடுத்துக்கொண்டு நகரப் பேருந்தில் ஏறினால் ஒரு காலைப் பொழுதில் இரண்டிடத்திலும் கேட்டுவிட்டுத் திரும்பலாம்.